சாமியின் அருளில் நான் பங்கு கேட்ட கதை

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் நீங்கள் செய்யும் தப்புகளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். அப்போது உங்களை யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள். எழுதிக் கொடுப்பதையெல்லாம் மேலே ஒருவர் சரிபார்ப்பார். ஆபத்து பின்னால்தான் வருகிறது. இருபது வருஷம் கழித்து உங்கள் பெயரைச் சொல்லி ஆட்கள் தேடி வருவார்கள். ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் புளி வாங்கிக்கொண்டே, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேசிக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் செய்யும் தப்பைச் சரிபார்க்க ஒரு ஆள் இருக்காது. நான் அப்படி ஒன்றைச் செய்தேன். என் பெருமைகளையெல்லாம் ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் மற்றவர்களே பேசி முடித்துவிட்டார்கள். கேக் வெட்டும்போது இதை யாரும் எடுக்கவில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் டயட்டீஷியன்களுக்கு என்னைத் தெரியாது. நான் வேலூர்க்காரி. இங்கே நியூ ஜெர்சியில், எடிசனில் ஒரு கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் டயட்டீஷியனாக இருந்தேன். எனக்கே தைராய்டு உண்டு, தினமும் மாத்திரை. பால் ஒத்துக்கொள்ளாது. இந்த இரண்டையும் உடம்பில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறவள் எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்! நானோ ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் க்ரீம் கேக்கை நாப்கினில் சுற்றிக்கொண்டு போய், காரில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவள். சாயங்காலம் முழுக்க வயிறு கடமுடவென்று சத்தம் போடும். பேஷன்ட் யாராவது போன் செய்தால் அந்தச் சத்தம் கேட்டுவிடுமோ என்று பால்கனிக்குப் போய்ப் பேசுவேன்.

இந்த லட்சணத்தில் இருந்தவளிடம்தான் சண்முகம் வந்து சேர்ந்தார்.

சண்முகத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சேலத்துக்காரர். ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கான்ட்ராக்ட். மனைவி கவிதா டேகேரில் டீச்சர். தைராய்டு குறைவு, பால் ஆகாது, கோதுமை ஆகாது. மூன்றும் ஒரே வருஷத்தில் தெரியவந்து மனுஷன் மிரண்டு போயிருந்தார். அதைவிட, தைராய்டு என்பது பெண்களுக்கு வருகிற வியாதி என்று யாரோ சொல்லிவிட்டதால் ஆபீஸில் மாத்திரை டப்பாவைக் கூட எடுப்பதில்லை என்றார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் மேடம். சப்பாத்தி கிடையாது, பரோட்டா கிடையாது, தயிர் கிடையாது. தயிர் இல்லாம சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்ல. ஆனாலும் வயித்து வலி நிக்கல."

கவிதா பக்கத்திலிருந்து ஆமாம் என்று தலையாட்டினாள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் தைராய்டுக்கு விஷம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஃபிரிட்ஜிலிருந்த காயை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாளாம். வேக வைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, காயைக் குற்றம் சொல்லாதே என்றேன். பிறகு சமையலறையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"ரசத்துல பெருங்காயம் போடுவியாம்மா?"

"அது இல்லாம ரசமா மேடம்?"

"அந்த டப்பாவ போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். கூட்டுப் பெருங்காயத் தூள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கோதுமை மாவு. ரசம், சாம்பார், கூட்டு, ஊறுகாய் வரைக்கும் தினம் மூன்று வேளை அந்த மனுஷன் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை நிறுத்தியதும் இரண்டே வாரத்தில் வயிறு அடங்கியது. எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. டயட்டீஷியன் வேலையை விட்டுவிட்டு போலீஸில் சேர்ந்திருக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் டி.வி.யைப் பார்த்தபடியே, "சேர்ந்திருந்தா ஃபிரிட்ஜுல கேக் குறையிறத கண்டுபிடிச்சிருக்கலாம்" என்றார்.

அப்புறம் சண்முகத்தின் சாப்பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாற்றினேன். ரவை உப்புமாவுக்குப் பதில் அரிசி உப்புமா. சப்பாத்திக்குப் பதில் கேழ்வரகு தோசை. முந்திரியை ஊறவைத்து அரைத்துப் புளிக்க வைத்து ஒரு தயிர். காலைக் காபிக்குச் சோயா பால். சோயா பாலைக் கொதிக்கிற டிகாஷனில் ஊற்றினால் திரிந்து கட்டி கட்டியாக மிதக்கும். டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக நான் குடிப்பதே அதுதான்.

"மாவு கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கு மேடம். பரவாயில்ல, பழகிக்கிறேன்" என்றார் சண்முகம். நல்ல மனுஷன். சொன்னதை அப்படியே செய்கிறவர். டெஸ்டிங் வேலைக்காரர் என்பதால் உணவு டைரியைக் கட்டம் போட்டு, மணி நிமிஷத்தோடு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வருவார். அந்த மாதிரி ஒரு டைரியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பது இரண்டு விதத்திலும் உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வயிறு சரியாகிவிட்டது, ஆனால் அசதி போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு இன்னும் மோசமாகத்தான் காட்டியது. தைராய்டு டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஆறு மாசத்தில் மறுபடி கூட்டினார். அதற்கப்புறம் இன்னொரு தரம். மனுஷன் நடந்து வரும்போதே தூங்குகிற மாதிரி இருப்பார். ரயிலில் நெவார்க்கில் இறங்கி மாற வேண்டியவர், தூங்கிப்போய் நியூயார்க் வரைக்கும் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் டீம் மீட்டிங்கில் கேமரா போட்டபடியே தூங்கிவிட்டார். கான்ட்ராக்ட் முடிந்தபோது அந்த பேங்க் நீட்டிக்கவில்லை. மூன்று மாசம் வீட்டில் இருந்துவிட்டு, இதைவிடச் சின்னதாக ஒரு இடத்தில் சேர்ந்தார்.

நான் என்ன நினைத்தேன்? போலீஸ் மூளை வேறு என்ன நினைக்கும்? ஆள் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகும், குடல் புண்ணானால் மாத்திரை உடம்பில் சேராது. கணக்கு கச்சிதமாக இருந்தது. நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, திருட்டெல்லாம் சாயங்காலம்தான் நடக்கும். அதனால் அவர் டைரியைக் கொடுத்ததும் நேராக மாலை நான்கு மணிக்குப் போவேன். நான்கு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். மேலே உள்ள வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடுவேன்.

"சண்முகம், எங்கிட்ட மறைக்காதீங்க. ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சமோசா, ஒரு பன்னு, ஏதாவது?"

"இல்ல மேடம்."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க. தப்பில்ல, சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்."

"சத்தியமா இல்ல மேடம்."

அவர் சத்தியம் செய்யும்போது கவிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவரை உட்கார வைத்துக்கொண்டே அவளிடம், "கவிதா, நீ கொஞ்சம் கண் வெச்சுக்கோம்மா. ஆம்பளைங்க வெளியில போனா என்ன பண்றாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. சண்முகம் டைரியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

மூன்றாவது வருஷம் கார்த்திகையில் சண்முகம் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். அவர்கள் வட்டாரத்தில் ஒரு குருசாமி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், வருஷா வருஷம் பத்துப் பதினைந்து பேரை நியூ ஜெர்சியிலிருந்து மலைக்குக் கூட்டிப்போகிறவர். வேலையும் போய், உடம்பும் போய், வீட்டிலும் பேச்சு சரியில்லாமல் இருந்தவர் வேறு எங்கே போவார்? கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், கழுத்தில் மாலை. ஆபீஸில் மேனேஜர் தனியாக அழைத்து, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாராம்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். மாலை போட்டவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும், இரண்டு வேளை குளிப்பார்கள், தரையில் படுப்பார்கள் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது, கேட்கவும் இல்லை. டிசம்பர் கடைசியில் அவர் என்னைப் பார்க்க வந்தபோது அசந்துபோய்விட்டேன். பதினோரு பவுண்டு குறைந்திருந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. தூக்கக் கலக்கமே இல்லை.

"என்ன சாமி, ஆளே மாறிட்டீங்க!"

"தூக்கமே வேண்டியதில்ல மேடம். மூணு மணி நேரம் போதும். குளிரே தெரியல. வெறுந்தரையில போர்வை இல்லாம படுக்குறேன், வேர்க்குது. எல்லாம் அய்யப்பன் அருள்."

குருசாமியும் அதையேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பனி கொட்டும்போது செருப்பில்லாமல் டிரைவ்வேயில் நின்று சரணம் சொன்னாராம், கால் மரக்கவில்லையாம். எனக்கோ உள்ளுக்குள் வேறு கணக்கு. இரண்டு வருஷம் நான் பாடுபட்டுப் போட்ட உணவுத் திட்டம் கடைசியில் வேலை செய்துவிட்டது, விரதத்தால் திருட்டுச் சமோசா நின்றது, அதனால்தான் இந்த மாற்றம். அருளில் பாதியாவது எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்தேன். அவருடைய ரத்தப் பரிசோதனை ஜனவரி கடைசியில் இருந்தது. தூக்கமில்லை, வேர்க்கிறது, எடை இறங்குகிறது என்று மூன்று அறிகுறியை என் எதிரே உட்கார்ந்து அந்த மனுஷன் சொல்கிறார். உங்களில் நேற்றுப் படிப்பை முடித்தவர்கூட அது என்ன என்று சொல்லியிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை தமிழர்களுக்காக எங்கள் கிளினிக் நடத்தும் ஹெல்த் கேம்ப்பில் மேடைக்கு வந்து பேச முடியுமா என்று கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவருக்கு இருமுடி கட்டு, அன்று மாலையே விமானம். போவதற்கு முன்னால் மேடத்துக்கு இந்த ஒரு உதவியைச் செய்வதாக ஒத்துக்கொண்டார்.

கேம்ப் அன்று காலை ஒரு பள்ளிக்கூட ஹாலில் எழுபது எண்பது பேர். முதல் வரிசையில் எங்கள் மேனேஜர். குருசாமி தன் ஆட்களோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், ஜனவரி குளிரில். சண்முகத்தின் பழைய எடையையும் புதிய எடையையும் ஸ்லைடில் போட்டேன், அவரிடம் அனுமதி வாங்கித்தான். கைத்தட்டல். மைக்கை அவரிடம் கொடுத்து, "சாமி, காலையிலேர்ந்து உங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க" என்றேன்.

"நாலு மணிக்கு எழுந்து குளிப்பேன். தைராய்டு மாத்திரைய வெறும் தண்ணியில போட்டுக்கிட்டு பூஜைக்கு உக்காந்துருவேன். சரணம் சொல்லி முடிக்க ஆறு ஆயிடும். அதுக்கப்புறம்தான் வாயில எதுவும் படும். காபியையும் விட்டுட்டேன்."

"முன்னாடியெல்லாம்?" என்று கேட்டேன். ஸ்லைடில் இருந்த அடுத்த கேள்வி அதுதான்.

"முன்னாடி நீங்க சொன்ன சோயா காபி மேடம். மாத்திரைய அதுலதான் போட்டுக்குவேன்."

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தைராய்டு மாத்திரையைச் சோயாவோடும் காபியோடும் விழுங்கினால் அதில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். இரண்டு வருஷம் அவருக்கு அதுதான் நடந்திருக்கிறது. சேரவில்லை என்று தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். இப்போது விரதத்தில் வெறும் தண்ணீரோடு, இரண்டு மணி நேரம் வேறெதுவும் படாமல், அந்தக் கூட்டின அளவு முழுசாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஏழு வாரமாக. தூக்கம் போனதும் வேர்த்ததும் எடை இறங்கியதும் தேவைக்கு மிஞ்சிய அந்த மாத்திரையால்தான்.

நான் ஏன் இதைக் கேட்கவேயில்லை? வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன், ஆமாம் என்றிருக்கிறார். காலையில் பல் தேய்த்ததும் குடிக்கிற காபியை நம்மில் யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறோம்? எனக்கும் அது உறைக்கவில்லை. காரணம் வெட்கக்கேடானது. அன்று காலைகூட நான் என் தைராய்டு மாத்திரையைச் சோயா காபியோடுதான் விழுங்கிவிட்டு மேடைக்கு வந்திருந்தேன். என் அளவையும் என் டாக்டர் இரண்டு தடவை கூட்டியிருந்தார். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

மேடையில் நின்றபடியே எல்லாம் புரிந்துவிட்டது. உடனே நிறுத்தினேன் என்று சொல்லத்தான் ஆசை. நிறுத்தவில்லை. எழுபது பேர் பார்க்கிறார்கள், மேனேஜர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கை தானாகப் பட்டனை அமுக்கிவிட்டது. அடுத்த ஸ்லைடு வந்தது, "வெற்றியின் ரகசியம்" என்று தலைப்பு. அதில் இரண்டு வரியை வாசித்தேன். அப்போது ஒரு சின்ன டக்டக் சத்தம் கேட்டது. சண்முகத்தின் கையிலிருந்த மைக் அவர் கழுத்து மாலையில் பட்டுப் பட்டு வந்த சத்தம். கை அந்த ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து வழிந்தது.

"சாமி, உக்காருங்க" என்று நாற்காலியைப் போட்டேன். மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். வேகம் மட்டுமில்லை, தாறுமாறாக ஓடியது.

"நெஞ்சு படபடப்பு இருக்கா?"

"பத்து நாளா இருக்கு மேடம். பக்தில வர்றதுன்னு நெனச்சேன்."

மைக் இன்னும் ஆனில் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது. நான் மேடையிலிருந்தே, இந்த நிகழ்ச்சி இத்துடன் முடிந்தது, இவருக்கு உடம்பு சரியில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றேன். மேனேஜர் எழுந்து வந்து, காரில் கூட்டிக்கொண்டு போகலாமே, இவ்வளவு பேர் முன்னால் எதற்கு என்று காதருகில் சொன்னார். குருசாமியும் பதறிக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஆம்புலன்ஸெல்லாம் எதுக்கு? சாமிக்கு ஒண்ணும் இல்ல. அருள் வந்திருக்கு."

"அருள் வந்தா வரட்டும் சாமி. ஆம்புலன்ஸும் வரட்டும்" என்றேன். அன்று காலையிலிருந்து நான் சரியாகப் பேசிய முதல் வாக்கியம் அது. இவர் இந்த நிலைமையில் இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து, தலையில் இருமுடியோடு மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.  குருசாமி என் முகத்தைப் பார்த்தார். தன் சால்வையை எடுத்து சண்முகத்துக்கு விசிறினார்.

உங்கள் பயத்தை இங்கேயே போக்கிவிடுகிறேன். சண்முகம் நன்றாக இருக்கிறார். மருத்துவமனையில் இதயத் துடிப்பை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள், மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுக் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் மலைக்குப் போகவில்லை. அவருடைய நெய்த் தேங்காயைக் குருசாமி எடுத்துப் போனார். அடுத்த வருஷம் அவரே போய் வந்து எனக்கு ஒரு டப்பா அரவணைப் பாயசம் கொடுத்தார். இப்போது அவர் சாப்பிடும் மாத்திரை, முதல் நாள் என்னிடம் வந்தபோது இருந்ததைவிடக் குறைந்த அளவு.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இது எதுவும் எனக்குத் தெரியாது. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு தைராய்டு டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நடந்ததைச் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். நானும் கேட்கவில்லையே என்றார். அவர் பெருந்தன்மைக்குச் சொன்னது அது. நீங்கள் யாரும் அந்த மாதிரி பெருந்தன்மையைக் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோயா பாலை எழுதிக் கொடுத்த கை என்னுடையது.

அப்புறம் உள்ளே போனேன். சண்முகம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நெஞ்சில் வயர்கள். மாலையைக் கழற்ற மாட்டேன் என்று நர்ஸிடம் சொல்லி, அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். மாத்திரை ஏன் சேரவில்லை, ஏன் கூட்டினோம், இப்போது ஏன் இப்படி ஆனது. "நான் பண்ண தப்பு சண்முகம். நீங்க ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டைரில எழுதியிருக்கேனே மேடம். தினமும் முதல் வரி அதுதான். ஆறு பத்துக்கு மாத்திரை, சோயா காபி."

"எழுதியிருப்பீங்க. நான் படிக்கல."

தலையாட்டினார். 

"அப்போ அந்த ரெண்டு வருஷம் நான் தூங்கித் தூங்கி விழுந்தது, வேலை போனது, எல்லாம் நான் எங்கயும் எதுவும் சாப்பிட்டதால இல்ல?"

"இல்ல."

"நானே நம்பிட்டேன் மேடம். எங்கயோ என்னையறியாம எதையோ சாப்பிடுறேன்னு. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு தடவ கேட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கவிதா வந்துக்கிட்டிருக்கா. அவகிட்ட ஒரே ஒரு வாட்டி சொல்லிடுங்க, நான் பொய் சொல்லலைன்னு. நான் சொன்னா வேற மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க."

கவிதா கேம்ப்புக்கு வரவில்லை. அந்த மேடைக் கூத்தைப் பார்க்க என்னால் முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவளைப் பொறுத்தவரை அருளும் இல்லை, டயட்டும் இல்லை. புருஷன் இத்தனை நாள் ஏமாற்றியது மாலை போட்ட பிறகு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

கோட் பட்டனைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வராந்தாவிலேயே நிறுத்தினேன். முதலில் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று சொன்னேன். பிறகு மற்றதைச் சொன்னேன். என் இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். நல்ல செய்தி ஒன்றைச் சொல்லும்போது நாக்கு குழறியது அந்த ஒரு தடவைதான்.

"அவர் ஒரு நாள்கூட உங்கிட்ட பொய் சொல்லலம்மா. சமோசாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா நெனச்சேன். உன்னையும் நெனக்க வெச்சேன்."

கவிதா சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.  அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நீங்க கண் வெச்சுக்கோன்னு சொன்னீங்க இல்ல மேடம். அன்னிலேர்ந்து தினமும் அவர் ஆபீஸ்லேர்ந்து வந்து குளிக்கப் போனதும் நான் அவர் பையை எடுத்து செக் பண்ணுவேன். கவர், பில்லு, ரொட்டித் தூள் எதாவது இருக்கான்னு. ஒரு நாள் பாதியில வெளிய வந்து பாத்துட்டாரு. ஒரு வார்த்த கேக்கல."

"ம்."

"மறுநாள்லேர்ந்து அவரே பையோட ஜிப்பையெல்லாம் தொறந்து சோபா மேல வெச்சுட்டுத்தான் மேடம் குளிக்கப் போவாரு."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நானும்தான்.